பூங்காவுக்குள் முளைத்த கோல் கம்பம்

1859ஆம் ஆண்டு மதராஸுக்கு ஒரு புதிய கவர்னர் வந்து சேர்ந்தார். பெயர் சார்லஸ் ட்ரெவெல்யன். கணக்கில் கறார், வாய் அதைவிடக் கறார். இன்று ஜார்ஜ் டவுன் என்று சொல்லப்படும் பகுதியின் சந்துகளில் மூச்சு முட்டக் கிடந்த ஜனங்கள், சாயங்கால வேளையில் காலாற நடக்க ஓர் இடம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி 116 ஏக்கர் நிலம் வளைக்கப்பட்டது. குளங்கள் வெட்டினார்கள், வண்டிப் பாதைகள் போட்டார்கள். பீப்பிள்ஸ் பார்க் என்று பெயரும் வைத்தாயிற்று. ஆனால் பூங்காவின் செடிகள் வேர் பிடிப்பதற்குள் கவர்னரின் நாற்காலி ஆடத் தொடங்கியது.

காரணம் பணம். 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவில் கல்கத்தா கஜானா வறண்டு கிடந்தது. நிதிப் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் வில்சன் - லண்டனில் ‘எகானமிஸ்ட்’ பத்திரிகையைத் தொடங்கிய அதே வில்சன்தான் - இந்தியாவுக்கு வருமான வரி கொண்டுவந்தார். ட்ரெவெல்யன் அதை எதிர்த்தார். எதிர்த்ததோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார். தன் ஆட்சேபக் குறிப்பைப் பத்திரிகைகளுக்கும் கொடுத்துவிட்டார். 1860லேயே லண்டனிலிருந்து ஓலை வந்தது: திரும்பி வா. பூங்கா மட்டும் மதராஸில் தங்கிவிட்டது. பெரிய நிலம், நகரத்தின் நடு, கேட்க ஆளில்லை. அப்படிப்பட்ட நிலத்தை எந்த ஊர் சும்மா விட்டுவைத்திருக்கிறது?

முதலில் மிருகங்கள் வந்தன. எட்வர்ட் பால்ஃபோர் 1855ல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் சேர்க்கத் தொடங்கிய விலங்குகள் சில ஆண்டுகளில் பூங்காவுக்கு இடம் மாறின. அடுத்து வந்தது ரயில். 1856லிருந்து ராயபுரம்தான் மதராஸின் ஒரே முனையம். அது போதாமல் போக, 1873ல் பூங்காவின் வாசலிலேயே சென்ட்ரல் நிலையம் எழுந்தது. 1880களின் கடைசியில் ஊர்ப் பெரிய மனிதர்களின் நன்கொடையில் விக்டோரியா பப்ளிக் ஹால் உயர்ந்தது. 1900ல் மூர் மார்க்கெட் திறந்தது. 1913ல் மாநகராட்சிக்கு ரிப்பன் மாளிகை. ஒவ்வொருவரும் வந்து ஒரு துண்டைக் கிள்ளிக்கொண்டு போனார்கள். காற்று வாங்க வந்தவர்கள் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

இத்தனை பேர் வந்தும் கால்பந்து வரவில்லை. அதே 1913ல், கடல்களுக்கு அப்பால், ஒரு கால்பந்து கிளப் ரயில் நிலையத்தைத் தேடி ஓடிக்கொண்டிருந்தது.

லண்டனின் தென்கிழக்கு மூலையில், வூலிச் என்ற இடத்தில், அரசு ஆயுதத் தொழிற்சாலையின் தொழிலாளிகள் 1886ல் தொடங்கிய அணி அது. ஆட்டம் மோசமில்லை. ஆனால் மைதானத்துக்குப் போய்ச் சேருவதற்குள் ரசிகனின் பாதி உயிர் போய்விடும். ரசிகன் வராததால் டிக்கெட் பணம் இல்லை. டிக்கெட் பணம் இல்லாததால் 1910ல் கிளப் திவாலாகும் நிலை. ஹென்றி நோரிஸ் என்ற கட்டடத் தொழிலதிபர் அதை வாங்கினார். அவர் தேடியது நல்ல புல்தரையை இல்லை, நல்ல ஸ்டேஷனை. வடக்கு லண்டனில் ஹைபரி என்ற இடத்தில், ஒரு பாதிரியார் கல்லூரியின் விளையாட்டுத் திடலை 20,000 பவுண்டுக்கு 21 ஆண்டு குத்தகைக்குப் பிடித்தார். ஏன் அங்கே? பக்கத்திலேயே கில்லஸ்பி ரோடு சுரங்க ரயில் நிலையம். அக்கம்பக்கத்துக் குடித்தனக்காரர்கள் எதிர்த்தார்கள். பக்கத்து கிளப்புகள் எங்கள் ரசிகர்களைப் பிடுங்கவா என்று கத்தின. நோரிஸ் அசையவில்லை. 1913 செப்டம்பர் 6 அன்று, கேலரி பாதி கட்டிய நிலையில், முதல் ஆட்டம் நடந்தது. காயமடைந்த ஒரு வீரரைத் தூக்கிப் போக வண்டியில்லாமல் பால்காரரின் வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். 1932ல் அந்த ரயில் நிலையமே கிளப்பின் பெயரை ஏற்றுக்கொண்டது: ஆர்சனல்.

லண்டனில் மைதானம் ரயிலைத் தேடிப் போனது. மதராஸில் ரயில் முதலில் வந்து உட்கார்ந்து, மைதானத்துக்காக எண்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தது. அதுவும் சாதாரணக் காத்திருப்பு இல்லை. சென்ட்ரல் ஒரு பக்கம். 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில், அதில் பார்க் என்று ஒரு நிலையம். 1953 வரை டிராம் வேறு. நாட்டில் வேறெந்த ஊருக்கும் எளிதில் வாய்க்காத போக்குவரத்து, ஒரு பூங்காவின் மிச்சத்தைச் சுற்றி வீணாகக் கிடந்தது. கடைசியில் அதைப் பயன்படுத்த ஒருவர் வந்தார். அவர் கையில் பந்து இருந்தது உண்மை. ஆனால் அது தோல் பூட்ஸ் போட்டு உதைக்கிற பந்து இல்லை.

கிரிக்கெட்டுக்கு மதராஸில் வீடு இருந்தது. சேப்பாக்கம். இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை 1952ல் இங்கிலாந்துக்கு எதிராகப் பெற்றதே அங்கேதான். ஆனால் அந்த மைதானம் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் கையில் இருந்தது. டெஸ்ட் ஆட்டத்தை நடத்த வேண்டிய மாநிலச் சங்கம் வேறு. கிளப்புக்கும் சங்கத்துக்கும் இழுபறி முற்றியது. விருந்தாளி அணி ஊருக்கு வரப்போகிறது. வீட்டுக்காரர்களோ திண்ணையில் மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அப்போது மாநகராட்சி கை நீட்டியது. ரிப்பன் மாளிகைக்குப் பின்னால், பழைய பூங்கா நிலத்தில், தனக்கென்று கட்டிய மைதானத்தை அது கிரிக்கெட்டுக்குத் திறந்துவிட்டது. நிலத்துக்குப் பணம் தர வேண்டியதில்லை, வழிக்குப் பணம் தர வேண்டியதில்லை. புத்தம் புது ஆடுகளம் எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

1956 ஜனவரி 6. நியூசிலாந்துடன் தொடரின் ஐந்தாவது டெஸ்ட். இந்தியாவின் தொடக்க ஜோடியாக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் இறங்கினார்கள். மதிய உணவு வேளை வந்தது, இருவரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். தேநீர் வேளை வந்தது, அப்போதும் அவர்களே. அன்றைய ஆட்டம் முடிந்தபோது பலகையில் 234, விக்கெட் இல்லை. அடுத்த பேட்ஸ்மேன் கட்டிய கால்காப்போடு உட்கார்ந்தே நாளைக் கழித்தார். மறுநாள் அவர்கள் பிரிந்தபோது ஓட்டங்கள் 413. மன்கட் 231, ராய் 173. தொடக்க விக்கெட்டுக்கு உலக சாதனை. அதை முறியடிக்க 52 ஆண்டுகள் ஆயின. 2008ல் சிட்டகாங்கில் தென்னாப்பிரிக்காவின் மெக்கென்சியும் ஸ்மித்தும் 415 எடுத்தார்கள். மன்கட்டின் 231 இன்னொரு வேடிக்கை. ஓர் இந்தியரின் அதிகபட்ச டெஸ்ட் ஓட்டமாக அது 1983 வரை நின்றது. அதைத் தாண்டிய கவாஸ்கரின் 236 அதே ஊரில்தான் வந்தது, ஆனால் சேப்பாக்கத்தில்.

ஒன்பது டெஸ்டுகள் அந்த மாநகராட்சி மைதானத்தில் நடந்தன. 1962 ஜனவரியில் இங்கிலாந்தை 128 ஓட்டங்களில் தோற்கடித்து, அந்த நாட்டுக்கு எதிரான முதல் தொடர் வெற்றியை இந்தியா முடித்துவைத்ததும் அங்கே. 1964 ஜனவரியில் பாபு நட்கர்னி செய்தது நல்லதா கெட்டதா என்று இன்றும் சொல்வது கடினம். இங்கிலாந்துக்கு எதிராகத் தொடர்ந்து 21 மெய்டன் ஓவர்கள் வீசினார். இடைவிடாமல் 131 பந்துகளில் ஓட்டமே இல்லை. மொத்தக் கணக்கு: 32 ஓவர், 27 மெய்டன், 5 ஓட்டம், விக்கெட் பூஜ்யம். காசு கொடுத்து உள்ளே வந்தவர்கள் அன்று என்ன நினைத்திருப்பார்கள் என்பதைக் கற்பனைக்கு விடுவதே மரியாதை. ஆனால் சலிப்பை விடப் பெரிய ஆபத்து ஒன்று அந்த மைதானத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

சேப்பாக்கம் இழுபறி தீர்ந்துவிட்டது. 1960களின் நடுவில் அந்த மைதானத்தின் குத்தகை மாநிலச் சங்கத்தின் கைக்குப் போனது. 1967 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளோடு டெஸ்ட் மறுபடியும் கடற்கரைப் பக்கம் திரும்பியது. கிரிக்கெட் பெட்டி படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போனபோது, கூடவே டிக்கெட் வருமானமும் வானொலி வர்ணனையும் பெரிய மனிதர்களும் போய்விட்டார்கள். ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் மிஞ்சியது சிமெண்டுப் படிக்கட்டும் புல்லும்தான்.

இங்கேதான் கால்பந்து உள்ளே வந்தது, யாரும் அழைக்காமல்.

வடசென்னைக்கு அந்த விளையாட்டு புதிதில்லை. பெரம்பூரில் 1955ல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை, தெற்கு ரயில்வே, துறைமுகம் என்று வேலை கொடுத்த இடங்களெல்லாம் அணியும் வைத்திருந்தன. நன்றாகப் பந்து உதைத்தால் அரசு வேலை கிடைக்கும் என்ற கணக்கு வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் சின்னப் பையன்களுக்கே தெரியும். வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்று சும்மாவா சொல்கிறார்கள்? அந்த ஜனத்துக்கு சென்ட்ரலுக்குப் பின்னால் ஒரு மைதானம் என்றால், அது வீட்டுக் கொல்லை மாதிரி. நடந்தும் வரலாம், ரயிலில் ஓரிரண்டு நிறுத்தத்தில் இறங்கியும் வரலாம். ரசிகன் உண்டு, வழி உண்டு. பணம் மட்டும் இல்லை. லீக் ஆட்டத்தின் வசூலில் சுண்ணாம்பு அடிக்கலாம். ஸ்டேடியம் கட்ட முடியாது.

1985ல் சுற்றுப்புறமே கலைந்தது. மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கூண்டுக் கிளி, செகண்ட் ஹாண்ட் எல்லாமும் சாம்பல். அந்த இடத்தில் ரயில்வே புறநகர் ரயில்களுக்கான முனையத்தைக் கட்டிக்கொண்டது. அதே ஆண்டு வண்டலூரில் புதிய உயிரியல் பூங்கா திறந்தது. சிங்கமும் புலியும் பார்க் டவுனை விட்டுக் கிளம்பின. ட்ரெவெல்யன் போட்ட பூங்காவில் இப்போது பார்க்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை. ஆனால் ரயில் மட்டும் முன்னைவிட ஒரு படி நெருங்கி வந்திருந்தது. இன்னும் தேவைப்பட்டது ஒன்றுதான்: செலவு செய்தே தீர வேண்டிய ஒரு கட்டாயம்.

கட்டாயம் ஒரு கோப்பை வடிவில் வந்தது. 1982ல் கல்கத்தாவில் தொடங்கிய நேரு தங்கக் கோப்பைக் கால்பந்து, நாடு நாடாக அணிகளை அழைத்து வந்தது. கொச்சி, திருவனந்தபுரம், கோழிக்கோடு, சிலிகுரி, மட்காவ் என்று ஊர் ஊராகச் சுற்றியது. மதராஸின் வாசலை மட்டும் மிதிக்கவில்லை. சிலிகுரிக்கு இருந்த தைரியம் மாநிலத் தலைநகர் மதராஸுக்கு இல்லையே என்பது தமிழகக் கால்பந்துக்காரர்களுக்கு எப்படி உறுத்தியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1991ல் ஆட்சி மாறி ஜெயலலிதா முதல்வரானார். 1992ல் மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் உருவானது. 1993 தொடக்கத்தில் கோப்பையை மதராஸில் நடத்துவது என்று முடிவானது. பின்னால் தெற்காசிய விளையாட்டுப் போட்டியும் காத்திருந்தது. தேதி குறித்தாயிற்று. மைதானம்தான் இல்லை.

வேறு இடம் தேடியிருக்கலாம். புறநகரில் நிலம் மலிவு. கல்கத்தா அப்படித்தான் செய்தது. ஆற்று மண்ணைக் கொட்டி மேடாக்கிய சால்ட் லேக்கில் 1984ல் பிரம்மாண்டமான ஸ்டேடியத்தைத் திறந்தது. பெரிதாகத்தான் கட்டினார்கள், அப்போது லட்சம் பேர் உட்காரலாம். ஆனால் அந்த வாசலுக்கு மெட்ரோ ரயில் வந்து நின்றது 2020 பிப்ரவரியில். அதுவரை 36 ஆண்டுகள், ரசிகர்கள் பஸ்ஸிலும் லாரியிலும் தொங்கிக்கொண்டுதான் போனார்கள். மதராஸ் அந்தத் தவறைச் செய்யவில்லை. புத்திசாலித்தனமா, நேரமின்மையா என்று கேட்டால் இரண்டாவதற்கே என் ஓட்டு. நிலம் வாங்க, வழக்கு முடிக்க, சாலை போட நேரமில்லை. கையில் இருந்த பழைய மைதானத்தை இடித்து அங்கேயே கட்டுவது ஒன்றே வழி.

வேலை ராப்பகலாக நடந்தது. 260 நாட்களில் முடித்தார்கள் என்று அந்த நாட்களை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னமும் பெருமையாகச் சொல்வார்கள். மன்கட்டும் ராயும் ஓடிய இடத்தைச் சுற்றி ஓடுதளம் வந்தது, அதைச் சுற்றி அடுக்கடுக்காகக் கேலரி, மேலே கூரை. 1993 ஜனவரியில் விசில் ஊதியது. வெளிநாட்டு அணிகள் இறங்கின. கோப்பையை வட கொரியா தூக்கிக்கொண்டு போனது. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டு. கால்பந்து இறுதியில் இந்தியா வங்கதேசத்தை 1-0 என்று வென்று தங்கம் வாங்கியது. சென்ட்ரலில் ரயிலை விட்டு இறங்குபவர்கள் நிமிர்ந்து பார்க்காமலேயே கடந்துபோகும் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் பிறந்தது இப்படித்தான். நிலம் ஒரு கவர்னரின் பூங்காவிலிருந்து வந்தது. முதல் புகழ் கிரிக்கெட்டின் வீட்டுச் சண்டையில் வந்தது. பணம், விருந்தாளி வருகிறார் என்ற பதற்றத்தில் வந்தது.

வீடு கிடைத்தும் குடித்தனக்காரர் நிலைக்கவில்லை. தேசிய லீக்கில் இந்தியன் வங்கி அணி சில ஆண்டுகள் தாக்குப் பிடித்துவிட்டுக் கீழே இறங்கியது. 2014ல் ஐ.எஸ்.எல். தொடங்கி, சென்னையின் எஃப்.சி. வந்த பிறகுதான் கேலரியில் மறுபடி நீல நிறம் நிரம்பியது. பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் என்று ரசிகர் கூட்டங்கள் முரசோடு வந்தன. வந்தவுடன் குறையும் தொடங்கியது. ஓடுதளம் குறுக்கே கிடப்பதால் ஆட்டக்காரன் முகம் தெரியவில்லை என்பது முதல் குறை. அது நியாயம். தடகளத்துக்கும் கால்பந்துக்கும் சேர்த்து ஒரே செலவில் கட்டினால் இரண்டுக்கும் அரைகுறைதான். கால்பந்துக்கென்றே தனி மைதானம் கட்டலாமே என்பவரிடம் அடுத்தவர் உடனே கேட்பார்: எங்கே, எந்த ரயிலில், யார் காசில்? அந்த மூன்று கேள்விக்குப் பிறகு பேச்சு பெரும்பாலும் டீக்கடைப் பக்கம் திரும்பிவிடும்.

2015ல் வீடே காலை வாரிவிட்டது. டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கிக் கிடந்தது. சென்னையின் எஃப்.சி. அரையிறுதியில் கொல்கத்தா அணியோடு மோத வேண்டும், சொந்த மண்ணில். மண்ணே தண்ணீருக்கடியில். ஆட்டத்தைப் புணேவுக்கு மாற்றினார்கள். ரசிகர் இல்லாத அந்தச் ‘சொந்த’ ஆட்டத்தில் சென்னை 3-0 என்று ஜெயித்தது. பிறகு கோவாவில் இறுதியாட்டம், 3-2, கோப்பை. சென்னையின் முதல் ஐ.எஸ்.எல். பட்டத்தின் கடைசிக் கட்டம் முழுக்க சென்னைக்கு வெளியே நடந்தது. இதைவிட விநோதம் அடுத்து. ஊரின் இன்னொரு கிளப்பான சென்னை சிட்டி எஃப்.சி., தன் ஆட்டங்களைக் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றிக்கொண்டு, அங்கிருந்தே 2018-19 ஐ-லீக் பட்டத்தை வென்றது. பெயரில் சென்னை, முகவரியில் கோவை.

ரயில் மட்டும் விடாமல் நெருங்கியது. 1990களில் பறக்கும் ரயில் பார்க் டவுனில் ஒரு நிலையம் வைத்தது. 2017ல் மெட்ரோ நேரு பார்க் வரை வந்தது. பெயரை நம்பி அங்கே இறங்குகிற வெளியூர்க்காரர் கொஞ்சம் நடக்க வேண்டும். 2018 மே மாதம் சென்ட்ரலுக்கு அடியிலேயே மெட்ரோ வந்துவிட்டது. தொலைதூர ரயில், புறநகர் ரயில், பறக்கும் ரயில், மெட்ரோ என்று நான்கும் ஒரே நடையில் சேரும் கால்பந்து மைதானம் இந்தியாவில் வேறெங்கே இருக்கிறது என்று யோசித்தால் சட்டென்று பதில் வருவதில்லை.

இதன் அருமை, ரயிலுக்காகவே நெடுநாள் காத்துக்கிடந்த காரைக்கால்காரர்களுக்குப் புரியும். பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்திலேயே, 1898ல், பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு மீட்டர் கேஜ் ரயில் ஓடியது. 1980களில் அது நின்றது. நாகூரிலிருந்து அகலப் பாதை போட்டு மறுபடியும் ரயில் உள்ளே வர 2011 டிசம்பர் ஆனது. அதுவரை கால் நூற்றாண்டுபோல ரயில் இல்லாத ஊர். காரைக்காலின் ஆட்சி நடக்கும் புதுச்சேரியோ, நடுவில் தமிழ்நாட்டின் மாவட்டங்களைத் தாண்டிப் போக வேண்டிய தூரத்தில் இருக்கிறது. எந்தக் கட்டடத்துக்கும் நிதி அங்கிருந்துதான் வர வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் புது ஸ்டேடியம் என்று யார் பேச்செடுத்தாலும், புல்லைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும்.

அதுவரைக்கும் ஒரு வழி உண்டு. கம்பன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியும்போது சென்னை. தாம்பரத்தில் இறங்கினாலும் சரி, எழும்பூரில் இறங்கினாலும் சரி, மின்சார ரயில் பார்க் நிலையத்தில் கொண்டுவந்து விடும். அங்கிருந்து சாலையைக் கடந்து, விக்டோரியா ஹாலையும் ரிப்பன் மாளிகையையும் தாண்டினால் ஸ்டேடியம். ஆட்டோ தேவையில்லை.